ஒரு பொறியுள் இரு முறைமை: மெய்நிகர்ப் பொறியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் பதிலீட்டின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவிப் பொறி பரவியபோது நீர்ச்சக்கரம் ஒதுங்கிற்று. மின்விளக்கு வந்தபோது எண்ணெய் விளக்கு ஒதுங்கிற்று. புதியது வருமிடத்துப் பழையது விலகவேண்டும் என்பது கைத்தொழில் யுகத்தின் எழுதாச் சட்டம் போலக் கொள்ளப்பட்டது. கணனித்துறை இச்சட்டத்தை ஏனைய துறைகளிலும் பார்க்கக் கடுமையாகக் கைக்கொண்டது. ஆயினும், பழையதும் புதியதும் ஒரே பொறியில், ஒன்றையொன்று இடையூறு செய்யாது, ஒருங்கே இயங்க இடமளித்த கருத்தொன்றும் அத்துறையிலேயே தோன்றியது. அதுவே மெய்நிகர்ப் பொறி என்னும் கருத்தாகும்.

இன்று மாணவன் ஒருவன் தன் மடிக்கணனியில் விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதன் திரையின் ஒரு சாளரத்துள் லினக்ஸ் முறைமையை முழுமையாக இயக்கிப் பார்க்கிறான். உள்ளே இயங்கும் முறைமை தனக்கெனத் தனிக் கணனி ஒன்று இருப்பதாகவே கொண்டு தொழிற்படுகிறது. இது அண்மைக்காலப் புதுமையெனப் பலரும் எண்ணுவர். உண்மையில் இதன் வரலாறு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குமிடத்து மூன்று கட்டங்கள் புலப்படுகின்றன. கணனி அருமையாக இருந்த காலத்தில் இக்கருத்துப் பிறந்தது. கணனி மலிந்த காலத்தில் மறக்கப்பட்டது. மலிந்த கணனிகள் வீணே கிடந்த காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. ஒரு கருத்தின் வாழ்வும் தாழ்வும் அதன் அறிவுவன்மையால் மட்டுமன்றி, அது வாழும் காலத்தின் பொருளியல் நிலையாலும் நிருணயிக்கப்படும் என்பதற்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

வரலாற்றினுட் புகுமுன் பிரச்சினையின் தன்மையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். பணிசெயல் முறைமை என்பது கணனியின் வளங்கள் அனைத்தையும் ஆளும் செய்நிரலாகும். நினைவகத்தை எவர்க்கு எவ்வளவு பங்கிடுவது, வட்டில் எதனை எங்கே எழுதுவது, மைய அலகின் நேரத்தை எவ்வாறு பகிர்வது என்பனவெல்லாம் அதன் தீர்மானங்கள். இவ்வாட்சி பிறரோடு பங்கிடுவதற்கென அமைந்ததன்று. பொறியில் தன்னையன்றி வேறு ஆட்சியாளர் இல்லையென்ற எடுகோளின்மீதே பணிசெயல் முறைமை ஒவ்வொன்றும் எழுதப்படுகிறது. ஓருறையில் இருவாள் அடங்கா என்பது வழக்கு. எனவே இரு முறைமைகளை விரும்புவோர் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடக்கவேண்டியிருந்தது. அல்லது இரு கணனிகளை வாங்கவேண்டியிருந்தது.

இரண்டாவது வழி 1950களில் எவருக்கும் இலகுவானதன்று. அக்காலக் கணனி ஒரு மண்டபத்தை நிறைக்கும் பெரும் பொறி; அதன் விலையோ பெரும் நிறுவனங்களும் அரசுகளுமே தாங்கக்கூடியது. பொறியின் ஒரு நிமிடம் மனிதரின் ஒரு நாளிலும் பெறுமதி வாய்ந்ததாகக் கருதப்பட்டது. ஆய்வாளர் துளையட்டைக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருந்தனர். ஓர் அட்டையில் நேர்ந்த சிறு பிழை ஒரு நாள் உழைப்பை வீணாக்கியது.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் எழுந்ததே நேரப் பகிர்வு என்னும் சிந்தனை. 1959 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ்ரோபர் ஸ்ரேச்சி பாரிஸ் மாநாடொன்றில் இது பற்றிய கட்டுரையை வாசித்தார். அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோன் மக்கார்த்தியும் இத்தகைய கருத்தை முன்வைத்தார். 1961 இல் அந்நிறுவனத்தின் பேணாண்டோ கோர்பற்றோவும் அவர்தம் குழுவினரும் நேரப் பகிர்வு முறைமையொன்றை இயக்கிக் காட்டினர். மறுபுறத்தில், 1962 இல் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் தொடக்கிவைக்கப்பட்ட அற்லஸ் கணனி, மெய்நிகர் நினைவகம் என இன்று வழங்கும் உத்தியை நடைமுறைப்படுத்தியது. இருப்பதிலும் பெரிய நினைவகம் தனக்குண்டெனச் செய்நிரலை நம்பச்செய்வதே அவ்வுத்தி. நினைவகத்தை இவ்வாறு தோற்றப்படுத்தக் கூடுமாயின், முழுப் பொறியையும் தோற்றப்படுத்தக் கூடாதா என்ற வினா அடுத்து எழுவது இயல்பே.

அவ்வினாவுக்கு விடை கிடைத்த வரலாறு ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1964 ஏப்பிரல் 7 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது 360 வரிசைக் கணனிகளை அறிவித்தது. ஒரே கட்டளைத் தொகுதியை ஏற்கும் சிறியனவும் பெரியனவுமான கணனிகளைக் கொண்ட அவ்வரிசை, கணனி வரலாற்றில் ஒரு திருப்புமுனை. எனினும் நேரப் பகிர்வுக்கு இன்றியமையாததென ஆய்வாளர் கருதிய முகவரி மாற்றும் வன்பொருள் அதில் இடம்பெறவில்லை. விளைவு, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் மக் செயற்றிட்டம் ஐ.பி.எம். ஐக் கைவிட்டு ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தின் கணனியைத் தெரிந்துகொண்டது. மல்ரிக்ஸ் என்னும் பெரும் முறைமை அங்கு உருவாகத் தொடங்கியது.

மக் செயற்றிட்டம் இயங்கிய அதே கட்டடத்திலேயே, நோமன் றஸ்முசனின் தலைமையில் 1964 இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். கேம்பிரிட்ஜ் விஞ்ஞான நிலையமும் இருந்தது. அங்கிருந்த சிறு குழுவினர் இத்தோல்வியைக் கண்ணெதிரே கண்டவர்கள். அவர்களுள் றொபேட் கிறீசி, லெஸ் கோமோ ஆகிய இருவரும் 1964 இன் இறுதியில் புதிய முறைமையொன்றைத் திட்டமிடலாயினர். அவர்கள் விரும்பியது 360/50 என்னும் கணனி. ஆனால் அவ்வகைக் கணனிகள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்குத் தேவைப்பட்டமையால், அதனிலும் சிறிய 360/40 ஐக் கொண்டே அமையவேண்டியதாயிற்று. முகவரி மாற்றும் சாதனமொன்றை அதிலே தாமே இணைத்தனர். இவ்வாறு உருவான சீ.பி.-40 என்னும் முறைமை 1967 சனவரியில் வழமையான பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணனி 14 மெய்நிகர்ப் பொறிகளாக ஒரே வேளையில் தோற்றமளிக்க வல்லதாயிற்று.

இக்குழுவினரின் சிறப்பு யாதெனில், இரு வேறு பணிகளை அவர்கள் பிரித்து நோக்கியமையே. ஒரு பெரும் முறைமை பல பயனர்களையும் தாங்கி, அவர்தம் கோப்புகளையும் பேணி, அவர்க்கு வசதிகளையும் அளிக்கவேண்டும் என்பதே அன்றைய பொதுக் கருத்து. மல்ரிக்ஸ் அவ்வழியிற் சென்றது. கேம்பிரிட்ஜ் குழுவினரோ கட்டுப்பாட்டுச் செய்நிரல் ஒன்றை மட்டும் அடியில் வைத்தனர். அது பயனருக்கு வசதி எதனையும் நேரடியாக அளிப்பதன்று. பயனர் ஒவ்வொருவருக்கும் 360 கணனியொன்றின் தோற்றத்தை அளிப்பதோடு அதன் கடமை முடிந்தது. அத்தோற்றப் பொறியினுள்ளே, ஒருவர்க்கே உரிய எளிய முறைமையாகிய சீ.எம்.எஸ். இயங்கியது. மேலே இருப்பது பிற பயனரை அறியாது. கீழே இருப்பது பயனரின் கோப்புகளை அறியாது. இரண்டுக்கும் இடையிலான ஒப்பந்தம் புதிதாக எழுதப்பட்டதுமன்று. 360 கணனியின் கட்டளைகள் எவ்வாறு தொழிற்படும் என விளக்கும், ஏற்கெனவே வெளியிடப்பட்ட கைந்நூலே அவ்வொப்பந்தமாயிற்று. அக்கைந்நூலுக்கு இணங்க எழுதப்பட்ட எம்முறைமையும் அத்தோற்றப் பொறியில் இயங்கக்கூடியதாயிற்று.

இதன் உள்ளியக்கம் சுருக்கமாக விளக்கத்தக்கது. மெய்நிகர்ப் பொறியினுள் உள்ள செய்நிரலின் சாதாரண கட்டளைகள் - கூட்டல், கழித்தல், ஒப்பிடல் முதலியன - உண்மைப் பொறியிலேயே நேரடியாக நிறைவேறும். ஆதலால் வேகத்தில் பேரிழப்பு இல்லை. ஆட்சியோடு தொடர்புடைய கட்டளைகளோ, அதாவது வட்டை இயக்குதல், நினைவகப் பாதுகாப்பை மாற்றுதல் போன்றன, சிறப்புரிமைக் கட்டளைகள் எனப்படும். இவற்றை உள்முறைமை நிறைவேற்ற முயலும்போது பொறி அதனைத் தடுத்து, நிருவாகத்தைக் கட்டுப்பாட்டுச் செய்நிரலிடம் ஒப்படைக்கும். அது வேண்டுகோளை ஆராய்ந்து, உரிய விளைவைத் தோற்றப்படுத்தி, மீண்டும் உள்முறைமையை இயங்கவிடும். தான் தடுக்கப்பட்டதை உள்முறைமை அறிவதில்லை. ஒரு கணனியைப் பிறிதொரு கணனியில் கட்டளைக்குக் கட்டளை போலச்செய்து காட்டும் பழைய முறையினின்றும் இது வேறுபடும் இடம் இதுவேயாகும்.

முகவரி மாற்றும் வன்பொருளுடன் ஐ.பி.எம். பின்னர் வெளியிட்ட 360/67 கணனிக்கு ஏற்பச் சீ.பி.-40 திருத்தியமைக்கப்பட்டுச் சீ.பி.-67 ஆயிற்று. அக்கணனிக்கென நிறுவனம் அதிகாரபூர்வமாக உருவாக்கிய முறைமை ரீ.எஸ்.எஸ். என்பதாகும். பெரும் ஆளணியும் பெருஞ்செலவும் கொண்டு எழுந்த அது, வேகத்திலும் நம்பகத்திலும் எதிர்பார்த்த நிலையை எய்தவில்லை. 1968 இல் அதனைக் கைவிடுவதாக அறிவித்த நிறுவனம், பின்னர் அம்முடிவைத் தளர்த்தி, 1971 இல் மீண்டும் கைவிடத் தீர்மானித்தது. சிறு குழுவொன்றின் கைவண்ணமாகிய சீ.பி.-67 ஓ 1968 மே மாதம் முதல் வாடிக்கையாளருக்குக் கிடைக்கலாயிற்று. அதனை நம்பி நேரப் பகிர்வுச் சேவை வழங்கும் நிறுவனங்களும் அவ்வாண்டிலேயே தோன்றின. எல்லாவற்றையும் செய்ய முயன்ற முறைமை தளர்ந்தது. ஒன்றை மட்டும் செய்த முறைமை நிலைத்தது.

இக்கருத்தின் வன்மைக்கு மற்றொரு சான்றும் உண்டு. 370 வரிசையில் மெய்நிகர் நினைவக வசதியைச் சேர்க்க ஐ.பி.எம். திட்டமிட்டபோது, அவ்வன்பொருள் கைக்கெட்டுமுன்னரே அதற்கான செய்நிரல்களை எழுதிப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. சீ.பி.-67 ஐத் திருத்தி, 360/67 இன் மேல் 370 பொறியின் தோற்றத்தை உண்டாக்கி, அதனுள்ளே பரிசோதனைகள் நடத்தப்பட்டன. இன்னும் பிறவாத பொறியில் அதன் முறைமை முன்கூட்டியே நடமாடிற்று எனலாம். 1972 ஓகஸ்ட் 2 இல் புதிய வசதியுடன் வீ.எம்./370 என்னும் முறைமையும் அறிவிக்கப்பட்டது.

வீ.எம்./370 இன் பயன் நேரப் பகிர்வோடு நின்றுவிடவில்லை. அக்காலப் பெருங்கணனிகளில் டொஸ் எனவும் ஓ.எஸ். எனவும் இரு முறைமைகள் வழங்கின. (பின்னாளில் நுண்கணனிகளில் வழங்கிய டொஸ் வேறு.) முன்னையதிலிருந்து பின்னையதற்கு மாற விரும்பிய நிறுவனங்கள் தமது செய்நிரல்கள் அனைத்தையும் திருத்தவேண்டியிருந்தது. சம்பளக் கணக்கு, களஞ்சியக் கணக்கு, வாடிக்கையாளர் பதிவு முதலியவற்றுக்காகப் பல ஆண்டுகள் பலர் உழைத்து எழுதிய செய்நிரல்கள் அவை. ஒரே இரவில் மாற்றுதல் இயலாது. மாற்றத்திற்கிடையே சம்பளம் கொடாதிருத்தலும் இயலாது. ஒரு மெய்நிகர்ப் பொறியில் பழைய முறைமை வழமைபோல் இயங்க, மற்றொன்றில் புதிய முறைமை பரிசோதிக்கப்பட்டது. புதியதிற் பிழை நேரின் அது தன் எல்லைக்குள்ளேயே வீழ்ந்தது. பழையது தொடர்ந்து இயங்கியது. முன்னோர் உழைப்பை அழிக்காது முன்னேறுவதற்கும், பிறரைக் கெடுக்காது தவறு செய்து கற்பதற்கும் இக்கருத்து இடமளித்தது. இதன் உண்மையான பெறுமதி இதுவே.

நடைமுறையில் வென்ற கருத்துக்குக் கோட்பாட்டு அடிப்படையும் விரைவிற் கிடைத்தது. 1974 இல் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் பொப்பெக்கும், ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் றொபேட் கோல்ட்பேர்க்கும் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் மூலநூல் போன்றது. பொறியின் நிலையை மாற்றும் அல்லது வெளிப்படுத்தும் கட்டளைகள் அனைத்தும் சிறப்புரிமைக் கட்டளைகளாக, அதாவது தடுக்கப்படத்தக்கனவாக, இருந்தால் அப்பொறியை மெய்நிகர்ப்படுத்தலாம் என அவர்கள் நிறுவினர். சுருங்கக் கூறின், ஆட்சியைத் தொடும் கட்டளை எதுவும் காவலைத் தாண்டி ஓசையின்றிச் செல்லலாகாது.

கோட்பாடு முழுமைபெற்ற காலத்திலேயே அதற்கான சமூகத் தேவை குன்றலாயிற்று. 1978 இல் இன்ரெல் நிறுவனத்தின் 8086 வெளிவந்தது. 1981 இல் அதன் வழிவந்த 8088 ஐக் கொண்டு ஐ.பி.எம். தனியாள் கணனியை விற்பனைக்கு விட்டது. ஒருவருக்கு ஒரு கணனி என்னும் நிலை உருவானபின், ஒரு கணனியைப் பலவாகத் தோற்றப்படுத்தும் கலை எவருக்கு வேண்டும்? பெருங்கணனி உலகில் வீ.எம். தொடர்ந்து வாழ்ந்தது, ஆயின் பொது நோக்கில் அது சென்ற தலைமுறையின் உத்தியாகவே கருதப்பட்டது.

மறதியின் தடயம் பொறியிலேயே பதிந்தது. இன்ரெல் வழிவந்த கட்டளைத் தொகுதி பொப்பெக், கோல்ட்பேர்க் ஆகியோரின் நிபந்தனையை நிறைவுசெய்யவில்லை. பென்ரியம் பற்றி 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அந்நிபந்தனையை மீறும் 17 கட்டளைகளை எடுத்துக்காட்டியது. அவற்றுள் ஒன்று கொடிப் பதிவேட்டை மாற்றும் கட்டளை. இடையூறுகளை ஏற்பதா மறுப்பதா எனக் காட்டும் கொடியும் அப்பதிவேட்டிலேயே உள்ளது. சிறப்புரிமையற்ற செய்நிரல் அக்கொடியை மாற்ற முயலின், பொறி அதனைத் தடுத்து அறிவிப்பதுமில்லை, நிறைவேற்றுவதுமில்லை, வாளாவிருந்துவிடுகிறது. தன் கட்டளை நிறைவேறியதென உள்முறைமை நம்பும். கட்டுப்பாட்டுச் செய்நிரலோ நடந்ததை அறியாது. இத்தகைய பொறியில் தூய மெய்நிகராக்கம் இயலாதெனப் பலரும் கருதினர். 1985 இல் வந்த 80386, பழைய 8086 செய்நிரல்களுக்கு மட்டும் தனித் தோற்றப் பொறிகளை அளித்தது. தன்னையே தோற்றப்படுத்தும் ஆற்றல் அதற்கும் இருக்கவில்லை.

1990களில் நிலைமை மீண்டும் மாறியது. மலிந்த கணனிகளை நிறுவனங்கள் சேவையகங்களாக அடுக்கிவைத்தன. ஒரு முறைமையில் இரு பணிகளை ஒருங்கே வைத்தால் ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்னும் அச்சத்தால், பணிக்கொரு கணனி என்பது வழக்கமாயிற்று. மின்சாரமும் இடமும் குளிரூட்டலும் செலவாக, கணனிகளோ தம் ஆற்றலின் சிறுபகுதியையே பயன்படுத்தி வாளாவிருந்தன. அருமை போக்கிய கருத்தை விரயம் திரும்ப அழைத்தது.

அவ்வழைப்புக்குச் செவிசாய்த்தவர்கள் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மென்டல் றோசன்பிளம், எடுவார்ட் பூன்யோன், ஸ்கொட் டிவைன் ஆகியோர் 1997 இல் டிஸ்கோ என்னும் ஆய்வு முறைமை பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். பல மைய அலகுகள் கொண்ட பெரும் பொறிக்கெனப் பணிசெயல் முறைமையைப் புதிதாக எழுதாது, பழைய முறைமையின் பல பிரதிகளை மெய்நிகர்ப் பொறிகளில் இயக்கலாம் என்பது அவர்தம் வாதம். மறுவருடம் டயான் கிறீன், எட்வேர்ட் வாங் ஆகியோரும் இணைய, வீ.எம்.வெயர் நிறுவனம் தோன்றிற்று. 1999 இல் அவர்கள் வெளியிட்ட மென்பொருள் சாதாரண மேசைக் கணனியில் இரண்டாவது பணிசெயல் முறைமையை இயக்கிக் காட்டியது. காவலைத் தாண்டும் கட்டளைகளுக்கு அவர்கள் கண்ட பரிகாரம், உள்முறைமையின் மையப் பகுதியை இயக்கும்போதே வாசித்து, தீங்கான கட்டளைகளை மட்டும் பாதுகாப்பான வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்து இயக்குவதாகும். பொறி செய்யத் தவறியதை மென்பொருள் ஈடுசெய்தது.

2003 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சென் முறைமை வேறு வழியை நாடிற்று. உள்முறைமையையே திருத்தி, தான் விருந்தாளி என்பதை அதற்கு உணர்த்தி, ஆட்சி வேண்டுகோள்களை நேரடியாகக் கேட்கச் செய்தது. 2005 இல் இன்ரெல்லும் 2006 இல் ஏ.எம்.டி. யும் மெய்நிகராக்கத்திற்கான வன்பொருள் வசதியைத் தம் அலகுகளிற் சேர்த்தன. மூன்று தசாப்தங்களுக்கு முன் கூறப்பட்ட நிபந்தனை இறுதியிற் பொறியால் நிறைவுசெய்யப்பட்டது. 2007 இல் கே.வீ.எம். வசதி லினக்ஸ் முறைமையின் கருவிலேயே இடம்பெற்றது. 2006 இல் அமேசன் நிறுவனம் மெய்நிகர்ப் பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. மின்சாரம் போலக் கணிப்பாற்றலும் பொதுச்சேவையாக விற்கப்படலாம் என 1961 இல் மக்கார்த்தி கூறியது ஏறத்தாழ அவ்வண்ணமே நிறைவேறிற்று.

இவ்வெற்றியை மட்டும் கூறி முடித்தல் வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. முதலாவதாக, பழையதைப் பேணுவோர் பழையதன் பிழைகளையும் பேணுகின்றனர். 2015 இல் வெளிப்பட்ட ஒரு குறைபாடு இதற்குச் சான்று. மெய்நிகர்ப் பொறிகளில் நெகிழ்வட்டுச் செலுத்தியைத் தோற்றப்படுத்தும் செய்நிரற்பகுதியில், ஒரு தசாப்தத்துக்கு மேலாக மறைந்திருந்த வழு அது. நெகிழ்வட்டை எவரும் பயன்படுத்தாத காலத்திலும், அவ்வழியே ஒரு பொறியினின்றும் வெளியேறிப் பிறர் எல்லைக்குட் புகும் வாய்ப்பு இருந்தது. 2018 இல் வெளியான மெல்ற்டவுன், ஸ்பெக்ரர் முதலிய குறைபாடுகளோ, சுவர்களைத் தாங்கும் வன்பொருளிலேயே கசிவு உண்டெனக் காட்டின.

இரண்டாவது, இதனிலும் ஆழமானது. கட்டுப்பாட்டுச் செய்நிரலை வைத்திருப்பவர் அதன்மேல் இயங்கும் அனைத்தையும் காணவும் நிறுத்தவும் வல்லவர். சீ.பி.-67 காலத்தில் அப்பொறி ஆய்வுகூடத்தின் அடுத்த அறையில் இருந்தது. இன்று அது பெரும்பாலும் வேறொருவர் மண்டபத்தில், சிலவேளை வேறொரு நாட்டில், இருக்கிறது. 2023 இல் வீ.எம்.வெயர் புரோட்கொம் நிறுவனத்தின் வசமானபின் நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்தபோது, பல நிறுவனங்கள் தம் முழுக் கணிப்பணியும் பிறர் ஆட்சியின்மேல் நிற்பதை உணரலாயின. தனிப்பொறி தனக்குண்டென்னும் தோற்றம் எத்துணை நிறைவானதாயினும், அது தோற்றமே என்பதை மறத்தலாகாது.

எனினும் இவ்வரலாற்றின் அடிநாதம் நம்பிக்கையூட்டுவதேயாகும். ஒவ்வொன்றும் தானே முழு ஆட்சியாளர் என எண்ணும் முறைமைகள் ஒரே பொறியில் வாழ்வது இயலாதென ஒருகாலத்திற் கருதப்பட்டது. அவற்றுள் ஒன்றை அழித்தோ, இரண்டையும் கலந்து ஒன்றாக்கியோ அப்பிரச்சினை தீர்க்கப்படவில்லை. குறைவாக ஆளும் மூன்றாவதொன்றை அடியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் எல்லையை வரையறுத்துக் காத்தமையாலேயே தீர்க்கப்பட்டது. அவ்வடித்தளம் எதனையும் திணிக்காதிருக்கும்வரை, எவர்க்கும் பக்கஞ்சாராதிருக்கும்வரை, மேலிருப்பவை தத்தம் இயல்பில் இயங்கின. அருமையிற் பிறந்து, மலிவில் மறைந்து, விரயத்தால் மீண்ட இக்கருத்து அடுத்து எந்நிலையை அடையும் என்பது, அவ்வடித்தளத்தை யார், எவ்வாறு ஆள்கின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளது.